காணாமல் போன முப்பத்தெட்டு ஜீபி

அத்தியாயம் ஏழு

எத்தாளையில் மஸாஹிர் ஹாஜியாரின் வாசலில் கலியாணப் பந்தல் அப்படியே நின்றது. கலியாணம் மட்டும் நின்றுபோயிருந்தது. இந்நேரம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு முச்சக்கர வண்டி வந்து இறங்கியது. முன்னால் றிம்ஸான், பின்னால் அவனுடைய சாச்சி ஜுனைதா.

"சாச்சி, உள்ளுக்குப் போய் நீங்க யாரெண்டு சொல்ற?"

"உன்ட சாச்சி எண்டு. கலியாணப் புள்ளைக்குச் சுகமில்லையாம், பாக்க வந்தன். இதில எங்க பொய் இருக்கு?"

"பொய் இல்லாததுதான் சாச்சி எனக்குப் பயமா இருக்கு."

ஜுனைதா இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஊராருடைய பொய்யைத் தமிழில் கேட்டு, அதைப் பிசகாமல் சிங்களத்தில் சொல்லிச் சம்பளம் வாங்கியவர். வேலையை விட்டபின் அதே காதை வைத்துக்கொண்டு ஊர் வழக்குகளைத் துருவிக்கொண்டிருந்தார். புத்தளம் டவுனில் கணினி திருத்தும் றிம்ஸான், உம்மாவின் தங்கை என்ற ஒரே காரணத்துக்காக அவருக்குச் சாரதி, எடுபிடி, வாய்த்துணை எல்லாம்.

வழக்கு இதுதான். நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹாஜியாரின் மகள், மணப்பெண் ஷஸ்னாவுக்கு மருதோண்டி போட பரீனா என்பவள் வந்தாள். போட்ட இடம் சிவக்கவில்லை, வெந்தது. இறால் பண்ணைக் குளம் கழுவுகிற தூளை யாரோ மருதோண்டிக் குழையலில் கலந்திருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் தீர்ப்பை எழுதி முடித்திருந்தார்கள். பரீனா கையுறை போட்டுக்கொண்டு குழைத்தாளாம். தூளைக் கலந்தது அவளில்லை என்றால் எதற்குக் கையுறை? மருதோண்டி போடுகிற தொழிலில் எல்லோரும் கையுறை போடுவார்கள் என்பதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. ஷஸ்னாவின் மாமி ருஷ்தா முன்னுக்கு நின்றாள். நாலைந்து பேராகச் சேர்ந்து பரீனாவின் கையுறையை உருவி, இரண்டு கையையும் அதே பாத்திரத்துக்குள் அமுக்கி, கால் மணித்தியாலம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பொலிஸுக்கு அறிவித்தார்கள்.

இன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு அவளை நீதவான் முன்னால் கொண்டுபோவார்கள். போனால் மறியல், சிறைதான். பரீனாவின் மகள் ஸும்ரா விடியக் காலையில் ஜுனைதாவின் வீட்டுக்கு ஓடி வந்து, கதிரையில்கூட உட்காராமல் அழுதாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்டு வந்த குடும்பம். முப்பத்தைந்து வருடமாக இந்த மண்ணில் இருந்தும் இங்கே அவர்களுக்கு அகதி என்றுதான் பெயர். அந்தப் பெயரோடு மறியலுக்குப் போனால் திரும்பி வரும்போது வேறு பெயரும் சேர்ந்திருக்கும்.

அதே காலையில்தான் ஷஸ்னாவின் தம்பி முனாஸ் றிம்ஸானுக்குக் கோல் எடுத்தான். "நானா, பெட்டி நிறைஞ்சு போச்சு எண்டு காட்டுது. வந்து பாருங்க."

உள்ளே நுழைவதற்கு இதைவிட நல்ல கதவு கிடைக்காது.

*

பெட்டி என்பது ஹாஜியாரின் அலுவலக அறையில் இருந்த சின்னக் கணினி. இரண்டு வருடத்துக்கு முன் றிம்ஸான்தான் பொருத்திப் பூட்டிக் கொடுத்தான். வீட்டுக் கமராக்களைப் பதிவது அதன் ஒரு வேலை. மற்ற வேலைதான் பெரிது. இறால் பண்ணையில் தண்ணீருக்குக் காற்றூட்டுகிற சக்கரம் நின்றால் ஹாஜியாரின் ஃபோனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். சக்கரம் நின்று ஒரு மணித்தியாலம் போனால் குளத்து இறால் முழுக்க மிதக்கும். அதனால் அந்தப் பெட்டியை யாரும் அணைத்து வைக்கக் கூடாது.

"நேத்துப் பின்னேரத்திலேருந்து ஒரு செய்தியும் வரல்ல நானா" என்றான் முனாஸ். கண் சிவந்திருந்தது. "ராவு முழுக்க நானே சக்கரத்துக்குக் காவல் இருந்தன்."

"நேத்து பெட்டில கை வெச்சியா?"

"நீங்க சொல்லித் தந்ததைத்தான் செஞ்சன். பொம்பளைகள் வாறதால, ஜும்மாவுக்குப் போக முதல், பன்னெண்டு இருபதுக்கு பெட்டிய நிப்பாட்டி, வெளி டிஸ்கைக் கழட்டிட்டு, திரும்ப எழுப்பினன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு டிஸ்கைப் பூட்டினன்."

ஓம், அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பெண்கள் கூடுகிற வீட்டில் கமரா ஓடினால் முக்காடு எடுக்க மாட்டார்கள். பெட்டியை அணைத்தாலோ இறால் சாகும். அதனால் படம் பதிகிற வெளி டிஸ்கை மட்டும் கழற்றினால் போதும், ஒன்றும் பதியாது என்று ஹாஜியார் வீட்டுப் பெண்களுக்கே வாக்குக் கொடுத்தவன் றிம்ஸான்.

முனாஸ் பண்ணைக்கு ஓடினான். றிம்ஸான் கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தபோது, உள்ளறையில் நோய் விசாரித்து முடித்த ஜுனைதா கையில் பிளேன்டீக் கோப்பையோடு வந்தார்.

"ரெண்டு விசயம்" என்றார் மெதுவாக. "மருதோண்டி வலக் கையிலதான் தொடங்குற. அந்தப் புள்ளைக்குக் கட்டு இருக்கிறது இடக் கையில. அதுவும் உள்ளங்கையில ஒரு சல்லிக்காசு அளவு. வலக் கையில ஒண்டுமில்ல."

"மத்தது?"

"நேத்துப் பின்னேரம் அஸருக்கு எல்லாரும் எழும்பித் தொழப் போனாங்களாம். ஷஸ்னா மட்டும் மாசத்தில தொழுகை இல்லாத நாள் எண்டு கூடத்தில இருந்திச்சாம், மருதோண்டிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில. ருஷ்தா மாமி சொன்னா. அதே மாமிதான் பிறகு சொன்னா, புள்ளை இண்டைக்கு விடியச் சுபஹ் தொழுதிட்டு அழுதழுது துஆக் கேட்டிச்சாம். தொழ ஏலாத நாள் ஒரு ராவுக்குள்ள முடியுமா?"

றிம்ஸானுக்குக் காது சூடானது. "சாச்சி, இதெல்லாம் என்னட்டச் சொல்ற கதையா?"

"துப்புக்கு வெக்கம் கிடையாது. ஆனா இதை வெச்சிப் பொலிஸுக்குப் போனா சிரிப்பாங்க. நீ உன்ட வேலையச் சொல்லு."

"என்ட வேலைல படமே கிடையாது, எழுத்துத்தான். பாருங்க. டீ.எஃப் எண்டு ஒரு கட்டளை. அது பெட்டிட்ட மொத்தமாக் கேக்கும், எவ்வளவு இடம் மிச்சமெண்டு." தட்டினான். "உள் வட்டு ஐம்பத்தெட்டு ஜீபி. பாவிச்சது ஐம்பத்தெட்டு. மிச்சம் பூச்சியம்."

"சரி, நிறைஞ்சிட்டுது."

"அவசரப்படாதீங்க. டீ.யூ எண்டு இன்னொரு கட்டளை. அது ஆரையும் நம்பாது. தானே ஒவ்வொரு கோப்புறைக்குள்ளயும் போய் ஒவ்வொண்டா எண்ணிக் கூட்டும். வெளி டிஸ்கைச் சேக்காம, உள் வட்டை மட்டும் எண்ணச் சொல்றன்."

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஓர் எண்ணைக் காட்டியது. இருபது.

றிம்ஸான் திரும்பத் தட்டினான். திரும்பவும் இருபது. நிர்வாகி அதிகாரத்தோடு தட்டினான். அப்போதும் இருபதைத் தாண்டவில்லை.

"மிச்சம் முப்பத்தெட்டு எங்க?" என்றார் ஜுனைதா.

"பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்கு. ஓதிப் பாக்கணும்."

"மகன், ரெண்டு சாட்சி. ஒராள் வீடு நிறைஞ்சிருக்கு எண்டுறான். மத்தவன் அறை அறையாப் போய்ப் பாத்தன், பாதிக்கு மேல வெறுமை எண்டுறான். ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல எண்டா என்ன அர்த்தம்? ரெண்டாவது ஆள் நுழைய ஏலாத அறை ஒண்டு அந்த வீட்டில இருக்கு."

"கணினிக்குள்ள அப்பிடி அறையெல்லாம் இல்ல சாச்சி."

"அந்த வெளி டிஸ்கைப் பூட்டினா அது எங்க போய் இருக்கும்?"

"'படம்' எண்டு ஒரு கோப்புறை இருக்கு. டிஸ்கைப் பூட்டினா அதுக்கு மேலால வந்து விரியும், பாய் விரிச்ச மாதிரி. கோப்புறையத் திறந்தா டிஸ்கில இருக்கிறதுதான் தெரியும்."

"பாய்க்குக் கீழ?"

"கீழ என்ன, வெறுந் தரை..." என்றவன் வாயை மூடினான். விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன.

பன்னிரண்டு இருபதுக்கு முனாஸ் டிஸ்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எழுப்பியிருக்கிறான். எழும்பிய பெட்டி தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது. பாய் இல்லை என்று அதற்கு யார் சொன்னது? 'படம்' என்ற கோப்புறை இருந்தது, அதற்குள் எழுதிக்கொண்டே போயிருக்கிறது, வெறுந் தரையில். மஃரிபுக்குப் பிறகு முனாஸ் டிஸ்கைப் பூட்டியதும் பாய் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. கட்டளைக்கும் தெரியாது, ஆளுக்கும் தெரியாது. ஒன்றும் பதியாது என்று இவன் கொடுத்த வாக்கை நம்பி ஐம்பது பெண்கள் இரண்டு வருடமாக இந்த வீட்டில் முக்காட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். முந்தைய தடவைகளில் முனாஸ் பெட்டியை அணைத்து எழுப்பாமல் டிஸ்கை மட்டும் உருவியிருந்தால் தப்பியிருப்பார்கள். இல்லாவிட்டால் அவர்களும் அந்தப் பாய்க்குக் கீழேதான்.

டிஸ்கை விடுவித்தான். மறுபடி எண்ணச் சொன்னான். 'படம்' என்ற வெறுங் கோப்புறைக்கு நேரே முப்பத்தெட்டு என்று வந்து நின்றது.

"திகதியைப் பாரு" என்றார் ஜுனைதா.

"எல்லாம் நேத்தையது. முந்தி ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்." அவன் கதிரையை விட்டு எழுந்தான். "சாச்சி, பத்துப் பத்து நிமிசத் துண்டா இருக்கும். வலப் பக்க அம்பை அழுத்தினா அடுத்த துண்டு. மேல் அம்பு வேகமா ஓட்டும். நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"வெளிய போறது?"

"போனா யாராவது வருவாங்க. கதவடில காவல் வேணும்."

சுவரில் இறால் தீனிக் கம்பனி ஒன்றின் நாட்காட்டி தொங்கியது. அதில் ஓர் இறாலை நீளவாக்கில் வெட்டிக் காட்டியிருந்தார்கள். பின்னால் அம்பு விசை தட்டப்படும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஜுனைதா ஒருதரம் சிரித்தார். ஏழாவது தட்டலுக்குப் பிறகு சிரிப்பும் இல்லை.

"சாச்சி, இறாலுக்குக் கால் எத்தின எண்டு எண்ணி முடிச்சிட்டன். ஏதாவது சொல்லுங்க."

"பேசாம நில்லு."

அவன் வேண்டுமென்று எண்ணவில்லை, ஆனாலும் எண்ணினான். பதினேழு தட்டல். பிறகு திரையை மூடும் சத்தம் கேட்டது.

"திரும்பு. ஹாஜியாரைக் கூட்டி வந்து ஷஸ்னாட அறைத் திரைக்கு வெளிய நிப்பாட்டு. என்ன கேட்டாலும் வாய் திறக்கப்படாது எண்டு சொல்லு. நீயும் நில்லு."

"பாத்தீங்களா? ஆரு?"

"சொன்னதைச் செய் மகன்."

*

ஹாஜியார் உயரமான மனிதர். தன் சொந்த வீட்டில் ஒரு திரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கப் பழக்கமில்லாதவர். ஆனாலும் 'கமரா' என்ற சொல்லைக் கேட்டதும் வந்து நின்றார். றிம்ஸான் அவருக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

உள்ளே ஜுனைதாவின் குரல் தாலாட்டுகிற மாதிரி இருந்தது. "மகள், நேத்து டிஸ்கைக் கழட்டியும் கமரா நிக்கல்ல. எல்லாம் பெட்டிக்குள்ள பதிஞ்சிருக்கு."

கட்டில் கிறீச்சிட்டது.

"நம்பாட்டிக் கேளுங்க. சின்னப் புள்ளையொண்டு வட்டிலாப்பத் தட்டைக் கவுட்டிச்சி, ருஷ்தா மாமி தன்ட சாரித் தலைப்பால துடைச்சா. நீலச் சட்டை போட்ட கூட்டாளி உங்கட காதுக்குள்ள ஏதோ சொன்னா, நீங்க அவவைத் தள்ளிவிட்டீங்க. பரீனா விளையாட்டுக்கு உங்கட மூக்கு நுனில மருதோண்டிப் பொட்டு வெச்சா. நீங்க சிரிச்சீங்க. அதுக்குப் பிறகு அஸருக்குப் பாங்கு சொன்னாங்க, எல்லாரும் தொழ எழும்பினாங்க. மிச்சத்தை நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

பிறகு ஷஸ்னா பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் றிம்ஸானுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"படிக்கக் கெம்பஸ் கிடைச்சிரிக்கி மாமி. அடுத்த மாசம் போகணும். வாப்பா அந்தக் கடிதத்தை அலுமாரில வெச்சிப் பூட்டிட்டார். கலியாணத்தை நிப்பாட்ட எனக்கு வேற வழி தெரியல்ல."

"அதுதான் இடக் கையை நீட்டினீங்க."

"வலக் கை எழுதுற கை."

"பரீனாட கையை அந்தப் பாத்திரத்துக்குள்ள அமுக்கக்குள்ள நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்ட கலியாணம் நடந்திரிக்கும்." அடுத்ததை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "அவங்க வீடு வாசலை எல்லாம் உட்டுட்டு வந்த ஆக்கள்தானே மாமி. இதையும் தாங்குவாங்க எண்டு நினைச்சன்."

றிம்ஸானுக்கு அந்தத் திரையைப் பிய்த்தெறிய வேண்டும் போல வந்தது. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர் ஹாஜியார். மகளை அடிக்கப் போகிறார் என்று நினைத்தான். அவர் மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தக் கதை இந்த அறைய உட்டு வெளிய போகப்படாது" என்றார் ஜுனைதாவிடம். "அந்தப் பொம்பளைக்கு நல்ல லோயரா நான் புடிச்சிக் குடுக்கிறன். ரெண்டு மூணு மாசத்தில வெளிய வந்துருவா."

"ரெண்டு மூணு மாசம்" என்று ஜுனைதா திருப்பிச் சொன்னார். "நல்லது ஹாஜியார். அப்ப நான் பெட்டியப் பொலிஸுக்குக் கொண்டு போறன். ஐம்பது பொம்பளைகள் முக்காடில்லாம இருக்காங்க. உங்கட மனைவி, உங்கட சகோதரி, பள்ளித் தலைவர்ட மருமகள். ஸ்டேசன்ல இருக்கிற ஆம்பிளைகள் எல்லாம் சுத்தி நிண்டு பாப்பாங்க. பிறகு நீதிமன்றத்தில போட்டுக் காட்டுவாங்க. நான் இருபது வருசம் அங்க வேலை செஞ்சவ, எனக்குத் தெரியும்."

ஹாஜியாரின் முகம் உப்பளத்து வெயிலில் நின்றவர் முகம் போலக் கறுத்தது. "என்ன செய்யச் சொல்றீங்க?"

"பண்ணைத் தூள் எங்கட குசினில இருந்திச்சி, எங்கட ஆக்கள் தவறிக் கலந்திட்டாங்க, முறைப்பாட்டை வாபஸ் வாங்குறன் எண்டு போய் எழுதிக் குடுங்க. மூணு மணிக்கு முதல்."

அவர் போனார். போகும்போது மகளின் அறைக் கதவை வெளியால் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

அலுவலக அறையில் றிம்ஸான் கதிரையில் விழுந்தான். "சாச்சி, அவள் தப்பிட்டாள்."

"பூட்டின கதவைப் பாத்தாய்தானே. தப்பினமாதிரியா இருந்திச்சி?"

"பரீனாவுக்கு அது போதுமா? படத்தைக் குடுத்தா ஷஸ்னாவைத்தானே புடிப்பாங்க?"

"அழி."

"எதை?"

"பாய்க்குக் கீழ இருக்கிறதை. அந்தப் பொம்பளைகளுக்கு வாக்குக் குடுத்தது நீதானே."

அவனுக்கு மனம் வரவில்லை. அழிப்பதற்கு முன், கோப்புகளின் பட்டியலையாவது பார்ப்போம் என்று தட்டினான். எழுத்து மட்டும்தான், படமில்லை. பதினெட்டுத் துண்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே அது முடிந்த நேரம். முதலாவது பன்னிரண்டரை. கடைசி, மூன்று இருபது.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தான்.

"சாச்சி. அஸர் பாங்கு மூண்டரைக்குத்தானே?"

"ஓம்."

"இது மூணு இருவதோட நிண்டு போச்சு. வட்டு நிறைஞ்சிட்டுது. அதுக்குப் பிறகு எழுத இடமில்ல."

"கடைசியா இருக்கிறது அந்த மூக்குப் பொட்டுத்தான்" என்றார் ஜுனைதா. "அந்தப் புள்ளை சிரிக்கக்குள்ளயே படம் நிண்டிட்டுது."

"அப்ப நீங்க ஒண்டையும் பாக்கல்லயா?"

"பாத்தன் எண்டு நான் எங்க சொன்னன்? மிச்சத்தை ஆரு சொல்ற எண்டுதான் கேட்டன்."

றிம்ஸானுக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. பதினெட்டுத் துண்டையும் அழித்துவிட்டு, டிஸ்கைத் திரும்பப் பூட்டி, டீ.எஃப் தட்டினான். உள் வட்டில் பாவித்தது நூற்றுக்கு முப்பத்தைந்து வீதம். பெட்டி தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கியது.

*

மூன்றே முக்காலுக்குப் பொலிஸ் நிலையத்தில் பரீனாவை வெளியே கொண்டுவந்தார்கள். நாற்பது வயது. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் துணிக் கட்டு. ஹாஜியார் எழுதிக் கொடுத்துவிட்டு வாகனத்துக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொலிஸ் சிங்களத்தில் சொன்னதை ஜுனைதா தமிழில் சொன்னார். "விடுதலைக்குக் கையெழுத்து வெக்கணுமாம்."

பரீனா கையைத் தூக்கிக் காட்டினாள். அப்படியென்றால் பெருவிரல் அடையாளம் என்று பொலிஸ்காரி மைப் பெட்டியைத் தள்ளினாள். ஸும்ரா உம்மாவின் கட்டை மெதுவாக அவிழ்த்தாள். அடையாளம் வைக்க விரலில் தோல் இருக்கவில்லை. மற்றக் கையை அவிழ்த்தார்கள். அதிலும் இல்லை. பொலிஸ்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"கால் பெருவிரலை வெக்கட்டுமாம்" என்றார் ஜுனைதா.

கடதாசியைத் தரையில் வைத்தார்கள். றிம்ஸான் குனிந்து பரீனாவின் செருப்பைக் கழற்றினான். அவளுடைய காலில் மை பூசும்போது ஜுனைதா கேட்டார். "பரீனா, இதைச் செஞ்சது ஆரெண்டு உங்களுக்குச் சொல்லணும்."

"தெரியும் ராத்தா."

"எப்பிடி?"

"என்ட கையை அமுக்கக்குள்ள எல்லாரும் மணிக்கட்டைப் புடிச்சாங்க. குழையல் அவங்கட விரல்லயும் பட்டிச்சி, பிறகு எரியுது எண்டு ஓடிப் போய்க் கழுவினாங்க. அந்தப் புள்ளையும் வலக் கையால வந்து அமுக்கிச்சி. அது முழங்கைக்கு மேலால புடிச்சிச்சி. ஒரு சொட்டும் படாம."

றிம்ஸான் நிமிர்ந்து பார்த்தான். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

பரீனா அவனை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சொன்னன் மகன்" என்றாள். "கையை அமுக்கின உடனேயே அதைத்தான் சொன்னன். கால் மணித்தியாலம் புடிச்சது அதுக்குப் பிறகுதான்."

அவள் என்ன சொல்கிறாள் என்று பொலிஸ்காரி சிங்களத்தில் கேட்டாள். இருபது வருடம் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்த ஜுனைதா, போகலாமா என்று கேட்கிறாள் என்றார்.

போகலாம் என்றாள் பொலிஸ்காரி.